ஸ்டெப்னியில் பறந்த ஸ்பிட்ஃபயர்

ஏர்பிரஷ் வாங்கப் போகிறவர்கள் வீட்டில் சொல்கிற பொய் ஒன்றுதான்: “இதுல ஒரு தடவை செலவு பண்ணிட்டா போதும்.” நானும் அதைத்தான் சொன்னேன். நம்பியே சொன்னேன் என்பதுதான் இதில் வேடிக்கை.

பிளாஸ்டிக் மாடல் கட்டுவது எனக்கு நெடுநாள் பழக்கம். 1:72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் நீளத்தில் 13 சென்டிமீட்டர்கூட இருக்காது. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி, ஓரம் சீவி, ஒட்டி, இடுக்கில் புட்டி அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது வரை என் வேலையை நாலு பேருக்குக் காட்டலாம். பிரஷ்ஷைக் கையில் எடுத்தால்தான் மானம் போகும். இறக்கையில் ரோமம் போன தடம் தெரியும். பேனல் கோடுகள் பெயிண்டில் மூழ்கிவிடும். போதாக்குறைக்கு ஒரு ரோமம் அங்கேயே தங்கிவிடும். அதைக் காய்ந்த பிறகுதான் கண்டுபிடிப்பேன்.

நண்பர் ஒருவர் அதே விமானத்தை, காற்றால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் அடித்து அலமாரியில் வைத்திருந்தார். பழுப்பும் பச்சையும் அடித்த சுவடே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், குறை ஒன்றும் அகப்படவில்லை. பொறாமை அன்றைக்கே வந்துவிட்டது. பணம் வர மூன்று மாதம் ஆயிற்று. ஐயாயிரம் ரூபாய்.

அந்த மூன்று மாதமும் ஆராய்ச்சி செய்தேன். கையில் காசு இல்லாதவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். இந்த வகைக் கருவிக்கு 1876-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் பிரான்சிஸ் ஸ்டான்லி. பிற்பாடு தன் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து நீராவியில் ஓடும் கார் செய்தவரும் அவரேதான் என்று தெரிந்துகொண்டேன். மான் ரே என்ற கலைஞர் தூரிகையே தொடாமல் இதைக் கொண்டு படம் வரைந்ததையும் தெரிந்துகொண்டேன். சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்து வரும். டபுள் ஆக்‌ஷன் என்றால் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். கிண்ணம் மேலே இருந்தால் கிராவிட்டி ஃபீட், பாட்டில் கீழே தொங்கினால் சைஃபன் ஃபீட். எல்லாம் மனப்பாடம். காற்று எங்கிருந்து வரும் என்பதை மட்டும் படிக்கவில்லை.

ஆகவே கையிலிருந்த காசில் பெரும்பகுதியை ஏர்பிரஷ் கன்னில் போட்டேன். அதிலும் 0.2 மில்லிமீட்டர் நாசில். தலைமுடி அளவுக்கு மெல்லிய கோடு போடலாம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். யார் கை போட்டால் என்று அச்சிடவில்லை. நான் அடிக்கப் போவதோ வயிற்றுப் பக்கம் முழுக்க ஒரே நீலப்பச்சை, முதுகில் இரண்டு நிறம். அதற்கு 0.3 தாராளம், 0.4 என்றாலும் குறைவில்லை. 0.2 துளையில் பெயிண்ட் கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் அடைக்கும், ஒரு தூசி விழுந்தாலும் அடைக்கும், நாம் கன்னைக் கையில் பிடித்தபடி போன் பேசினால் ஊசி முனையில் காய்ந்தும் அடைக்கும். பழகியவர்களுக்கு அது அருமையான நாசில். எனக்கு அது, கார் ஓட்டத் தெரியாதவன் பந்தயக் காரில் ஏறி உட்கார்ந்த கதை.

கன் வந்தது. திருகி மாட்டும் ஹோஸும் வந்தது. ஹோஸின் மறுமுனையை எதில் மாட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் காற்றுக் கேன் வாங்கினேன். அதில் இருப்பது வெறும் காற்றல்ல. அழுத்தித் திரவமாக்கி அடைத்த வாயு. வெளியே வர வர அது ஆவியாக வேண்டும், ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைக் கேனிலிருந்தே எடுத்துக்கொள்ளும். விளைவு, சென்னையின் மே மாதத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்த என் கையில் கேன் மட்டும் சில்லிட்டுப் போனது. கேன் குளிரக் குளிர அழுத்தம் இறங்கும். ஒரு கேனுக்கு ஓர் இறக்கை என்று கணக்கு வந்தபோது மிச்சத்துக்கு வேறு வழி தேடினேன்.

பழைய இங்கிலீஷ் மாடல் புத்தகங்களில் ஒரு சிக்கன யோசனை உண்டு: காரின் ஸ்டெப்னியில் காற்றடைத்து, வால்விலிருந்து குழாய் இழுத்து, அதில் ஏர்பிரஷ்ஷை ஓட்டுவது. அந்தக் காலத்தில் அங்கே பலர் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். என்னிடம் கார் கிடையாது. மச்சினனிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது.

“ஸ்டெப்னியா? எங்க மாமா நிக்கிறீங்க? நான் வரட்டுமா?” என்று பதறினான். வீட்டில்தான் நிற்கிறேன், விமானத்துக்கு வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அக்கா பக்கத்துல இருக்காங்களா?” என்று கேட்டான்.

சக்கரம் வந்தது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். தெருமுனைப் பஞ்சர் கடைக்கு அதைக் கைப்பிடிச் சுவரில் இடிக்காமல் இறக்கி உருட்டிக்கொண்டு போனேன்.

“எவ்ளோ அடிக்கட்டும் சார்?”

“30.”

அடித்தார். மேலே தூக்கி வந்து மாட்டி, ஸ்பிட்ஃபயரின் வயிற்றுப் பக்கத்தை ஆரம்பித்தேன். ஆரம்பம் அமர்க்களம். பெயிண்ட் பனிபோல் இறங்கியது. நான் அடித்ததா இது என்று மலைத்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் மாறிற்று. அழுத்தம் இறங்கினால் துளிகள் பெரிசாகும். இடது இறக்கை வழுவழுப்பு, நடு வயிறு சொரசொரப்பு, வலது இறக்கைக்கு வரும்போது எச்சில் துப்புவதுபோல் சொட்டு சொட்டாக விழுந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

இதற்குக் கணக்கு இருக்கிறது. பிறகு உட்கார்ந்து போட்டேன். அந்தச் சின்னச் சக்கரத்துக்குள் ஏறத்தாழ 15 லிட்டர் இடம். 30 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15-க்கு இறங்குவதற்குள் வெளியே வரும் காற்றும் கிட்டத்தட்ட அதே 15 லிட்டர்தான். ஏர்பிரஷ் நிமிஷத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். ஆக, மூன்று மாடி ஏறி இறங்கினால் ஒன்றரை நிமிஷ ஓவியம். லாரி ஸ்டெப்னி கிடைத்தால் நிலைமை தேவலை. அதை யார் தூக்குவது?

அன்று சாயங்காலமே மறுபடி சக்கரத்தோடு போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். குமிழி வரவில்லை. டயரைச் சுற்றிச் சுற்றித் தடவி ஆணி தேடினார். கடைசியில் கேட்டார்:

“காலைல அடிச்ச காத்து எங்க சார் போச்சு?”

“பெயிண்ட் அடிச்சுட்டேன்.”

அடுத்த தடவையிலிருந்து என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். மனநிலை சரியில்லாதவர்களிடம் சிலர் காட்டும் பரிவு அது. அந்தப் பரிவைத் தாங்க முடியாமல்தான் ஸ்டெப்னியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்தது, கன்னின் அடியிலேயே மாட்டிக்கொள்ளும் சார்ஜ் ஏறும் மினி கம்ப்ரஸர். நான் வாங்கியதில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியே இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். டாங்க் இல்லாததால் காற்று சீராக வராமல் துடித்துத் துடித்து வரும், கையும் கூடவே அதிரும். நகத்தில் கலர் அடிப்பவர்களுக்கும் கேக் மேல் அடிப்பவர்களுக்கும் அது போதும். சும்மா சொல்லக் கூடாது, அதில் அடித்த ஒரு பீரங்கி வண்டி நன்றாகவே வந்தது. பீரங்கி வண்டி எப்படியும் சேறு பூசியதுதானே.

இவ்வளவுக்கும் குற்றம் முழுக்கக் காற்றின் மேல் இல்லை. பாதிக் குற்றம் கிண்ணத்துக்குள் இருந்தது.

பெயிண்ட்டைப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எந்தப் பால் என்று சொல்ல மாட்டார்கள். இங்கிலீஷ் புத்தகம் எழுதியவர் மனதில் இருப்பது கொழுப்பு எடுத்த பால். அது ஆவின் நீலப் பாக்கெட்டைவிடவும் தண்ணி. எங்கள் வீட்டில் காப்பிக்கு வருவது ஆரஞ்சுப் பாக்கெட். நான் அந்தப் பதத்தில் பிடித்துக்கொண்டேன். 0.2 நாசிலில் ஆரஞ்சுப் பாக்கெட்! கன் இருமியது, கிண்ணத்தில் குமிழி விட்டது, ஒரு கட்டியைக் கக்கிவிட்டு மூச்சை நிறுத்திக்கொண்டது. கிண்ணத்தில் குமிழி வந்தால் நாசில் அடைத்திருக்கிறது, அல்லது முன்மூடி சரியாகத் திருகவில்லை என்று அர்த்தம். எனக்கு அப்போது அது தெரியாது. பெயிண்ட் நன்றாகக் கலங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பதம் பார்க்க எளிய வழி: கிண்ணத்தின் உட்சுவரில் பிரஷ்ஷால் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். மெல்லிய திரை ஒன்றை விட்டுவிட்டுப் பெயிண்ட் வழிந்து இறங்கினால் சரி. அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றால் கெட்டி. சுவடே இல்லாமல் ஓடினால் அளவுக்கு மீறிக் கரைத்துவிட்டோம். நான் அடுத்ததாக அந்த மறுகோடிக்குப் போனேன். அழுத்தத்தையும் குறைக்காமல் கிட்டத்தில் பிடித்து அடித்தால் ஈரப் பெயிண்ட்டைக் காற்றே ஊதித் தள்ளும். அடித்த இடத்திலிருந்து சிலந்திக் கால்கள் நாலாபக்கமும் ஓடும். என் ஸ்பிட்ஃபயர் வாலில் ஒரு சிலந்தி இன்றும் இருக்கிறது. எதிரி குண்டு பட்ட இடம் என்று விருந்தாளிகளிடம் சொல்லிவருகிறேன்.

கரைப்பதற்கு எதை ஊற்றுகிறோம் என்பது இன்னொரு பள்ளம். தமியா கம்பெனியின் அக்ரிலிக் பெயிண்ட்டுக்கு அவர்களுடைய தின்னர் நல்லது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் ஒத்துப்போகும். ஊசி போடும் முன் தோலில் தேய்க்கும் ஸ்பிரிட் வகைதான், மருந்துக் கடையில் கிடைக்கும், மலிவு. இதைத் தெரிந்துகொண்ட பெருமையில், தண்ணீரில் கரைக்க வேண்டிய வேறு வகை அக்ரிலிக் ஒன்றிலும் அதையே ஊற்றினேன். கண்ணெதிரே பெயிண்ட் திரிந்து, ரப்பர் சவ்வாகச் சுருண்டது. அதைக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்துச் செய்திருந்தேன் என்பதை இங்கே அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். பெயிண்ட்டை வெளியே ஒரு மூடியில் கலந்து, பிறகே கிண்ணத்தில் ஊற்ற வேண்டும்.

கழுவுவதில் வந்த சேதத்தைத் தனியாக எழுதினால் இன்னொரு பத்தி ஆகிவிடும். ஊசியை உருவும்போது மொசைக் தரையில் முனை கீழாக விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவுதான். நகத்தில் வைத்து மெல்ல இழுத்தால்தான் தட்டுப்படும். அந்த வளைவு போதும், பெயிண்ட் நேரே போகாமல் பக்கவாட்டில் போகும். நாசிலை வாஷ் பேசினில் வைத்துக் கழுவினேன். தண்ணீர் போன வழியே அதுவும் போயிற்று. பேசினுக்கு அடியிலுள்ள வளைவுக் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது மனைவியின் தோடு ஒன்று கிடைத்தது, நாசில் கிடைக்கவில்லை. இந்த வியாபாரத்தில் எனக்கு வந்த ஒரே லாபம் அந்தத் தோடுதான், அதுவும் எனக்கில்லை.

கடைசியில் வாங்கினேன், முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியதை: எண்ணெய் தேவைப்படாத பிஸ்டன் கம்ப்ரஸர், 3 லிட்டர் டாங்க், அழுத்தத்தைத் திருகிக் குறைக்கும் ரெகுலேட்டர், அதன் அடியில் ஈரம் பிடிக்கும் கண்ணாடிக் குப்பி. டாங்கில் 4 பார் ஏறியதும் மோட்டார் தானே நிற்கும், 3 பாருக்கு இறங்கியதும் தானே ஓடும். இடையில் வருகிற காற்று துடிக்காது. மாடல் வேலைக்கு 15-லிருந்து 25 பி.எஸ்.ஐ. வரை போதும். விலை எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். கேனுக்கும் மினி கம்ப்ரஸருக்கும் ஊசிக்கும் நாசிலுக்கும் கொடுத்ததைக் கூட்டினால் அதைவிட அதிகமாக வருகிறது. கூட்டிப் பார்த்த காகிதத்தை ஒளித்து வைத்திருக்கிறேன்.

கம்ப்ரஸரின் வாயும் என் ஹோஸின் வாயும் பொருந்தவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஏர்பிரஷ் ஹோஸ்கள் பெரும்பாலும் 1/8 அங்குல மரை. வேறு மரை போடும் கம்பெனிகளும் உண்டு. நம் ஊர்ப் பட்டறைக் கம்ப்ரஸர்களில் 1/4 அதிகம். பாரிமுனைப் பக்கம் ஃபிட்டிங்ஸ் விற்கும் ஒரு கடையில் பெரியவர் ஒருவர் ஹோஸ் முனையை வாங்கி விரலால் ஒரு சுற்றுத் தடவினார். “அரைக்கால் இன்ச். மாட்டறது கால் இன்ச்சுலயா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு பித்தளைத் துண்டை எடுத்துப் போட்டார். வெள்ளை டேப் சுற்றி மாட்டினேன். கசிவு இல்லை. அன்று முழுக்க எனக்கு மிதப்பு.

மிதப்பு ஐப்பசி வரைதான். ஒரு மழை நாளில் புது விமானத்தின் மேல் பெயிண்ட்டோடு தண்ணீரும் வந்து விழுந்தது. தொட்டுத் தொட்டு வைத்ததுபோல் இறக்கை முழுக்கப் புள்ளி. கம்ப்ரஸர்தான் மோசம் என்று முடிவு கட்டி, ஸ்கூட்டர் விடுகிற டிங்கரிங் பட்டறையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவரிடம் புலம்பினேன். அவர் என் புலம்பலை முடிக்க விடவில்லை.

“டாங்க்ல தண்ணி எடுத்தீங்களா?”

எந்தத் தண்ணி என்றேன். அவர் தன் பெரிய கம்ப்ரஸரின் அடியில் கை விட்டுச் சின்னத் திருகைத் திறந்தார். சீறிக்கொண்டு துரு நிறத்தில் தண்ணீர் கொட்டியது, தரையில் ஓடி வாசல் வரை போனது. காற்றை அழுத்தினால் சூடாகும், டாங்கில் ஆறும்போது அதிலிருக்கும் ஈரம் நீராக இறங்கிவிடும். கடலோர ஊரில் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்து என் கம்ப்ரஸரைக் கவிழ்த்து அடித் திருகைத் திறந்தேன். அரை டம்ளர் வந்தது. வாங்கிய நாளிலிருந்து அது உள்ளேயே குடியிருந்திருக்கிறது.

அந்தப் பட்டறைக்காரரிடம் பத்து நிமிஷம் நின்றதில் கற்றது, நான் மூன்று மாதம் படித்ததைவிட அதிகம். கன்னை ஸ்கூட்டர் மட்கார்டுக்கு வெளியே வைத்து விசையைப் பிடித்தார், ஒரே வேகத்தில் குறுக்கே ஓட்டினார், மறுபக்கம் தாண்டிய பிறகே விட்டார். “வெளியவே ஆரம்பிக்கணும், வெளியவே முடிக்கணும். பொருள் மேல கை நிக்கவே கூடாது சார்.” நானோ ஒவ்வொரு தடவையும் இறக்கையின் நடுவில் குறி பார்த்து ஆரம்பித்து, நடுவிலேயே யோசித்துக்கொண்டு நின்றவன். அவர் பிடித்தது ஒரு சாண் தூரம். நமக்கு நாலு விரல் தூரம் சரி. முதல் பூச்சிலேயே மூடிவிட நினைக்கக் கூடாது என்றும் சொன்னார். டபுள் ஆக்‌ஷன் கன்னில் நிறுத்தும்போது முதலில் வண்ணத்தை மூட வேண்டும், பிறகே காற்றை விட வேண்டும். மாற்றிச் செய்தால் முனையில் தங்கிய சொட்டு அடுத்த ஆரம்பத்தில் அப்படியே போய் அப்பும். என் கட்டைவிரலுக்கு இது புரிந்தது. ஆள்காட்டி விரலுக்கு இன்னும் புரியவில்லை. கன்னை அழுத்துவதோ ஆள்காட்டி விரல்.

மறந்தே போனேன், மூச்சு. கொரோனாவுக்கு வாங்கிய என்-95 மாஸ்க் மிச்சம் இருந்ததே என்று அதைப் போட்டுக்கொண்டு லாக்கர் தின்னர் கலந்த பெயிண்ட் அடித்தேன். அது துகளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தலைவலி வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ரசாயன ஆவிக்கென்று கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் தனியாக இருக்கிறது. திறந்த ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் அதற்கு மேல் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆல்கஹால் கலந்த பெயிண்ட்டை அடித்துக்கொண்டிருக்கும்போது மனைவி வந்து, “என்னங்க, சாமி விளக்கு எரியுது. நாலடி தள்ளி இதைப் போய் அடிக்கிறீங்களே?” என்றாள். இத்தனை நாள் ஆராய்ச்சியில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது பால்கனிப் பக்கத்து அறைக்கு மாறிவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு இது. பதினோராயிரம் பன்னிரண்டாயிரம் இருந்தால் டாங்க் வைத்த கம்ப்ரஸரை முதலில் வாங்குங்கள். கன் ஆயிரத்து சொச்சத்தில் 0.3 நாசில், டபுள் ஆக்‌ஷன், கிண்ணம் மேலே வைத்தது போதும். மிச்சத்தில் மாஸ்க்கும் ஓர் உபரி ஊசியும். கை தேறிய பிறகு நல்ல கன் வாங்கினால் அதே கம்ப்ரஸரில் ஓடும். ஐயாயிரம்தான் இருக்கிறது என்றால் பாதி வழியில் எதையும் வாங்காமல் சேர்த்து வையுங்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு விமானம் மட்டும் கட்டுகிறவருக்கு இவை எதுவுமே வேண்டாம்: ஒரு ப்ரைமர் ஸ்ப்ரே கேன், ரோமம் உதிராத ஒரு தட்டைப் பிரஷ், நன்றாகக் கரைத்த பெயிண்ட்டில் மூன்று நான்கு மெல்லிய பூச்சு. அதைச் சரியாகச் செய்தவர்களின் விமானங்கள் என்னுடையதைவிட நன்றாக இருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.